ஹாரன் அடிப்பதற்குள் பார்த்த படம்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. டியூப்லைட் வெளிச்சத்தில் தோலைப் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டால் சூப்பர்வைசர் திட்டுவார். நிதானமாகப் பார்த்த தோல் வீட்டுக்குப் போன பிறகும் மனதில் இருக்கும். உண்ணி கடித்த தழும்பு எந்த ஓரத்தில் என்றுகூடச் சொல்வேன். செத்த ஆட்டுக்குக் கிடைத்த அந்த மரியாதை எனக்குப் பார்த்த மாப்பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு காலை, மாதனூரில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அத்தை ஒரு போட்டோவோடு ஓடிவந்தாள்.

"சீக்கிரம் பாருடி. அவங்க வீட்ல இருக்கறதே இந்த ஒண்ணுதான். இப்பவே குடியாத்தத்துக்குத் திருப்பி எடுத்துனு போவணும்."

பஸ் வந்து ஹாரன் அடித்தது. சுருட்டை முடி, சிரிப்பை அடக்கிக்கொண்ட வாய். அவ்வளவுதான் பார்த்தேன். படம் அத்தையின் பைக்குள் போய்விட்டது.

சாயங்காலம் அப்பா கேட்டார். "இன்னாம்மா, புடிச்சிருக்கா?"

தலையாட்டினேன். பிடித்துத்தான் இருந்தது.

பெண் பார்க்க அவர் வரவில்லை. பெங்களூரில் வேலை, லீவு கிடைக்கவில்லை என்று அவருடைய அம்மாவும் அக்காவும் மட்டும் வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள். நான் மிஷின் சத்தத்துக்கு நடுவில் அந்த முகத்தை எடுத்து எடுத்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கத் தேய்ந்தது. மூக்கு எப்படி என்று தெரியாமல் நானே ஒன்றை வைத்துக்கொண்டேன். படத்தை இன்னொரு முறை பார்க்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"திரும்பக் கேட்டா பொண்ணுக்குப் புடிக்கலன்னு பேசுவாங்க. கம்முனு இரு."

கல்யாணத்தன்று மாலை மாற்ற நிமிர்ந்தேன். எதிரில் நின்றவரை நான் பார்த்ததே இல்லை. சுருட்டை முடிக்காரர் அவருக்குப் பின்னால் விசிறியோடு நின்றார். "அண்ணனுக்கு வேர்க்குது பாருப்பா, நல்லா வீசு" என்று யாரோ அவரிடம் சொன்னார்கள்.

ஒருவேளை என் ஞாபகம்தான் தப்போ? பார்த்ததும் நான், தலையாட்டியதும் நான். யாரிடம் என்னவென்று சொல்வது? சுற்றிலும் சொந்தக்காரர்கள், தோளைப் பிடித்தபடி அத்தை. நகர இடமில்லை. மேளம் வேகமெடுத்தது. குனிந்துகொண்டேன்.

புகுந்த வீட்டில் அந்தப் படம் சட்டம் போட்டு அடுப்புக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தது. அதில் இரண்டு பேர். இவர் உட்கார்ந்திருந்தார், தம்பி பக்கத்தில் நின்றிருந்தார். பஸ் ஹாரனுக்கு முன் கிடைத்த அந்த நொடியில், உட்கார்ந்திருந்தவர் எனக்கு நாற்காலியோடு நாற்காலியாகப் போயிருக்கிறார். மாப்பிள்ளை யாரென்று அத்தைக்குத் தெரியும், அதனால் சொல்லத் தோன்றவில்லை. படத்தில் இன்னொருவர் இருப்பதே எனக்குத் தெரியாது, அதனால் கேட்கத் தோன்றவில்லை.

இவர் நல்லவர். கோபப்படக்கூட வழியில்லாததுதான் கொடுமை. உலை கொதிக்கும்வரை அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். இவர் சட்டையில் மேல் பொத்தான் இல்லாததும், நாற்காலிக் காலில் விரிசல் விட்டிருப்பதும் எனக்கு மனப்பாடம். இத்தனை வருஷம் பார்த்த பிறகும், தலை நிமிர்ந்ததும் என் கண் முதலில் போவது நின்றுகொண்டிருப்பவரிடம்தான்.