ஆறாவது கம்பி

நான் புளுகன்தான். ஒத்திகைக்குத் தாமதமாக வந்தால் டயர் பஞ்சர் என்பேன். அதனால் எங்கள் இசைக்குழுவில் என் பெயரே 'பஞ்சர்'. ஆனால் இது புளுகு இல்லை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நம்பாதவர்கள் வீட்டுக்கு வாருங்கள், அந்தக் கம்பியைக் காட்டுகிறேன்.

போன வருடம் ஒரு பழைய எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினேன். என்னைவிட அதற்கு வயது அதிகம். விற்றவர் ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். "எங்க அண்ணனோடது. அவன் போனப்புறம் யாரும் தொடல," என்றார். பெட்டியைத் திறந்து பார்த்தேன். கருஞ்சிவப்பு நிறம். ஒரு கீறல் இல்லை. திருகுகள் எல்லாம் பளபளவென்று இருந்தன. கம்பிகள் மட்டும் துருவேறியிருந்தன. அதிலும் ஐந்துதான். தடிமனான ஆறாவது கம்பியைக் காணோம். அது போனால் போகட்டும், எல்லாமே புதிதாக மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஆறு புதுக் கம்பிகளை மாட்டிவிட்டு, அன்று முழுக்கக் கிட்டாரைத் துடைப்பதும் பார்ப்பதுமாக இருந்தேன். "என்னை என்னிக்காவது இப்படிப் பார்த்திருக்கீங்களா?" என்றாள் மனைவி. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ஒத்திகை இல்லை; கிட்டாரை வாசித்துப் பார்க்க நான் மட்டும் போனேன். எங்கள் ஒத்திகை அறை ஒரு ஃபர்னிச்சர் கடைக்குக் கீழே, நிலவறையில் இருக்கிறது. சுவரெல்லாம் பஞ்சு. உள்ளே இடி விழுந்தாலும் மேலே கேட்காது. கடையில் அன்று அரை நாள்தான் வேலை. மதியம் மூடினால் திங்கட்கிழமைதான் திறப்பார்கள்.

பழைய கிட்டாருக்குப் பக்கத்தில் போன் இருந்தால் ஆம்ப்ளிஃபயர் இரையும். அதனால் போனைப் பையோடு வெளியே நாற்காலியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். அன்றும் வைத்தேன். என் இன்ஹேலரும் அந்தப் பையில்தான் இருந்தது. எனக்கு இழுப்பு உண்டு.

இன்னொரு வழக்கமும் உண்டு. கதவின் வெளிப்பக்கம், அடியில் ஒரு தாழ்ப்பாள். கதவை அறைந்து சாத்தினால் தானாகத் தரைக்குழியில் இறங்கிவிடும். அதைத் தூக்கி மடக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அன்று மறந்தேன். கிட்டாரைக் கட்டிக்கொண்டு, கதவைக் காலாலேயே உதைத்துச் சாத்தினேன்.

மதியம் மணி 2.10. வாசித்தேன். அப்படி ஒரு நாதம்! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

2.35. கொஞ்சம் நிறுத்தினேன். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு சத்தம்.

டொக்... டொக்... டொக்...

கிட்டார் கட்டையை விரலால் தட்டினால் அப்படித்தான் கேட்கும். ஆனால் என் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

அடுத்து, மூச்சு. யாரோ கிட்டாருக்கு மிக அருகில் வாயை வைத்து மூச்சு வாங்குகிற சத்தம். விசில் கலந்த மூச்சு. எனக்குப் பழக்கமான மூச்சு.

"கதவு..."

ஆண் குரல். ஒரே சொல்.

கிட்டாரைப் போட்டுவிட்டு ஓடினேன். கதவை இழுத்தேன். அசையவில்லை. அப்போதுதான் தாழ்ப்பாள் ஞாபகம் வந்தது.

2.41. கரண்ட் போனது.

கும்மிருட்டு. கத்தினேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மார்பு இறுகியது. இன்ஹேலர் கதவுக்கு அந்தப் பக்கம், நாலே எட்டில்...

டொக்... டொக்...

கரண்டே இல்லை. ஆனாலும் கேட்டது.

பிறகு, கிர்ர்ர்... கிர்ர்ர்... கம்பியைத் தளர்த்தும் திருகு சுற்றுகிற சத்தம். சரக்கென்று ஏதோ என் காலடியில் விழுந்தது. தடவினேன். நான் புதிதாக மாட்டிய ஆறாவது கம்பி.

கதவில் இடுப்பு உயரத்தில் ஒரு ஓட்டை உண்டு. பழைய பூட்டைக் கழற்றிய இடம். அதில் அடைத்திருந்த துணியைப் பிடுங்கினேன். கம்பியின் நுனியை வளைத்து, தாழ்ப்பாளை மாட்டித் தூக்க வெளியே விட்டேன்.

எட்டவில்லை.

தோள் கதவில் அழுந்த, விரல் நுனியில் பிடித்து மறுபடி விட்டேன். எட்டவில்லை.

மூச்சு... வரவில்லை.

என் விரல்கள் மேல் வேறு விரல்கள் படிந்தன. ஜில்லென்று.

கம்பி கனத்தது.

மாட்டியது.

இழுத்தேன்...

கதவு திறந்தது. என் தோளை இடித்துக்கொண்டு, எனக்கு முன்னால், யாரோ வெளியே ஓடினார்கள்.

3.02.

இன்ஹேலரை உறிஞ்சிவிட்டு வெகுநேரம் தரையிலேயே கிடந்தேன். அதற்குப் பிறகுதான் போன் வெளிச்சத்தில் கையில் இருந்ததைப் பார்த்தேன். என் புதுக் கம்பியின் நுனியோடு இன்னொரு கம்பி முடிச்சுப் போட்டிருந்தது. தடிமனானது. துருவேறியது. அதன் முனை கொக்கியாக வளைந்திருந்தது. சத்தியமாக, நான் எந்த முடிச்சும் போடவில்லை.

சாயங்காலமே டீச்சர் வீட்டுக்குப் போனேன். அண்ணன் எப்படி இறந்தார் என்று கேட்டேன்.

"வாசிக்கப் போன ரூம்ல மாட்டிக்கிட்டான். வெளித் தாழ்ப்பாள் விழுந்துடுச்சு. இழுப்பு வேற அவனுக்கு. கம்பியைக் கழட்டி, வளைச்சு, ஓட்டை வழியா விட்டுப் பார்த்திருக்கான். நாலு விரக்கடை எட்டலை."

நான் பையிலிருந்து கம்பியை எடுத்து மேஜையில் வைத்தேன்.

டீச்சர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"இது எப்படி உங்ககிட்ட... அவன் கையிலிருந்து இதைப் பிரிக்கவே முடியல. அவனோட சேர்த்துத்தானே புதைச்சோம்!"