ஒலிபெருக்கியில் வந்த பெயர்

மாமா மதராசுக்குப் படிக்கப் போய், படித்ததைவிடக் கூடுதலான ஆண்டுகள் பந்து விளையாடிவிட்டுத் திரும்பியவர். அங்கே ஒரு கழகத்துக்காக நடுக்களத்தில் நின்று எதிராளியை மறிப்பது அவருடைய வேலை. களைப்பு அறியாதவர் என்று பெயர். ஆனால் கோல் அடித்ததாக ஒரு கதையும் அவரிடம் இல்லை. அந்தக் குறையை நான் வகுப்பில் தீர்த்துவைத்திருந்தேன். நான் ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள், மாமா மதராசில் அடித்த கோல்கள் அவர் அறியாமலே பெருகிவிட்டன.

ஆகவே, கோப்பாய் மைதானத்தில் கரவெட்டி ஊர் அணிக்கு எதிராக, நாற்பதைத் தாண்டிய வயதில் மாமா எங்கள் அணிக்கு இறங்கிய மாலையில், என் மானமும் கூடவே இறங்கியது.

எங்கள் பக்கத்துப் போட்டிகளை ஒருவர் ஒலிபெருக்கியில் வர்ணித்துக்கொண்டே இருப்பார். பந்து யார் காலில் இருக்கிறதோ அவருடைய பெயர் பனைகளைத் தாண்டிப் போகும். முதல் பாதி முடிந்தது. மாமாவின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. அவர் ஓடினார், நின்றார், மறுபடி ஓடினார். பந்து வேறெங்கோ இருந்தது.

“உன்ரை மாமாவுக்கு ஒருத்தரும் பந்தைக் காட்டேல்லையோ?” என்றாள் பக்கத்தில் இருந்த வகுப்புத் தோழி.

இடைவேளையில் நான் வர்ணனையாளரின் மேசைக்குப் போனேன்.

“அண்ணை, எங்கடை மாமாவின்ரை பேரையும் ஒருக்காச் சொல்லுங்கோ.”

“பந்து காலிலை பட்டாத்தானே பிள்ளை சொல்லலாம். உவர் சும்மாவெல்லோ நிக்கிறார்.”

“சும்மா நிக்கேல்லை. வடிவாப் பாருங்கோ.”

அவர் நேர்மையான மனிதர். இரண்டாம் பாதியில் பந்தை விட்டுவிட்டு மாமாவையே பார்த்தார். சில நிமிடங்களில் குரல் உயர்ந்தது. மாமாவின் முழுப்பெயரும் வந்தது, மதராசும் வந்தது.

“ரசிகப் பெருமக்களே! கரவெட்டியின் பத்தாம் இலக்க வீரருக்கு எப்போதும் இரண்டடி முன்னால் நிற்கிறார்! அவருக்குப் பந்து வரும் பாதையையே அடைத்து வைத்திருக்கிறார்!”

நான் தோழியைத் திரும்பிப் பார்த்தேன். களத்தில் பத்தாம் இலக்கம் ஓட்டத்தை நிறுத்தி, மாமாவை அன்றுதான் கண்டவர் போலப் பார்த்தார். அடுத்த முறை கரவெட்டியிடம் பந்து வந்தபோது அவர் வேண்டுமென்றே ஓரத்துக்கு விலகி ஓடினார். மாமாவும் அவரோடு போனார். காலியான நடுக்களத்தால் இன்னொருவர் வந்து கோல் அடித்தார். அந்த ஒரு கோலால் தோற்றோம்.

சைக்கிள் பாரில் என்னை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது மாமா கேட்டார்.

“ஆர் அவனிட்டை என்ரை பேரைச் சொல்லச் சொன்னது?”

“நான்தான்.”

மாமா ஒரு பள்ளத்தை விலக்கி மிதித்தார்.

“நல்ல சத்தமாத்தான் சொன்னவன். மதராசிலையும் ஒருத்தன் இப்பிடிச் சொன்னதில்லை.”

சந்திக் கடையில் நிறுத்தி எனக்கு ஐஸ்பழம் வாங்கித் தந்தார். தோல்விக்குக் காரணம் கேட்ட மாமிக்கு, தன் கால் பிந்திவிட்டது என்றார். உயிரோடு இருந்த காலம் முழுவதும் அதையே சொன்னார். அந்தப் பொய்க்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

திங்கட்கிழமை வகுப்பில், மாமாவின் பெயர் ஒலிபெருக்கியில் வந்ததைப் பெருமையோடும், நாங்கள் தோற்றதைக் கவலையோடும் சொன்னேன். அன்றைக்கு எனக்கு அவை இரண்டு தனித்தனிச் செய்திகள்.