நட்சத்திரக்குறியை எடுத்த பிறகு

புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். போன கோடையில் எங்கள் பழைய சர்வர் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. புது சர்வரில் டேட்டாபேஸின் புதிய பதிப்புதான் ஏறியது. பழைய மென்பொருள் அதில் ஓடவில்லை. கட்டளைகளில் சமக்குறிக்கு முன்னால் இருந்த நட்சத்திரக்குறியைப் புதிய பதிப்பு ஏற்கவில்லை. மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்த பொறியாளர் அந்தக் குறிகளை எடுத்துவிட்டார். பிழைச் செய்தி நின்றது. எல்லோருக்கும் நிம்மதி.

மழைக்காலத்தில் வல்லத்திராக்கோட்டை விவசாயி ஒருவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவின் மார்புக் கட்டியிலிருந்து கோடையிலேயே சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். இப்போது கட்டி உடைந்து புண்ணாகியிருந்தது. முடிவைத் தேடச் சொல்லி என்னை அழைத்தார்கள். புற்றுநோய். முடிவு வந்து மாதங்கள் ஆகியிருந்தன.

“ஏதாச்சும் இருந்தா நாங்களே சொல்லி விடுறோம்னாங்க தாயி. ஒண்ணும் வரல. சரி, ஒண்ணுமில்ல போலன்னு இருந்துட்டோம்” என்றார் கணவர்.

அவரிடம் போன் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு ஊர்ச் செவிலியர் மூலம் சொல்லி அனுப்புவது எங்கள் வழக்கம். யார் யாருக்கு முடிவு சொல்ல வேண்டும் என்ற பட்டியலை எடுக்கும் கட்டளையைத் திறந்து பார்த்தேன். பரிசோதனை முடிவுகளையும் போன் எண்களையும் இணைக்கும் இடம் அது. நட்சத்திரக்குறி இருந்தவரை, எண் இல்லாதவர்களின் பெயரும் வந்துகொண்டிருந்தது. அதை எடுத்ததும் எண் உள்ளவர்கள் மட்டுமே வந்தார்கள். மற்றவர்கள் சத்தமில்லாமல் உதிர்ந்துபோனார்கள். குறியை வெறுமனே எடுக்காமல், அதே வேலையைச் செய்யும் ‘லெஃப்ட் அவுட்டர் ஜாயின்’ என்ற சொற்களை எழுதியிருந்தால் இரண்டு பதிப்பிலும் ஓடியிருக்கும். அப்படி மாற்றி ஓட்டினேன். இன்னும் சில பெயர்கள் வந்தன. அன்றே ஆள் அனுப்பினோம். அவர்களில் ஒருவர் ஏற்கெனவே இறந்திருந்தார்.

“வெளிய வாய விட்டுறாதீங்க” என்றார் மேலாளர்.

அந்த அம்மாவைச் சிகிச்சைக்குத் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். தை பிறக்கும் முன்பே இறந்துபோனார். மருத்துவ அறிக்கைகளை வாங்க வந்த கணவர் என் மேசையருகே நின்றார்.

“ஒரு போன் வாங்கி வச்சிருந்தா பொழச்சிருப்பாள்ல தாயி? எம் மக தெனமும் அதச் சொல்லித்தான் ஏசுது.”

என்னால் பொறுக்க முடியவில்லை. “போன் இல்லைன்னாலும் நாங்க சொல்லியிருக்கணும் ஐயா. எங்க கம்ப்யூட்டர் அவங்க பேரை விட்டுருச்சு. தப்பு எங்க மேலதான்.”

கத்துவார் என்று நினைத்தேன். “இத எம் மககிட்ட வந்து சொல்றீகளா?” என்று கேட்டார்.

அன்று மாலையே அவரோடு பஸ் ஏறினேன். மகள் வாசலில் நின்றபடியே முழுவதும் கேட்டாள். பிறகு என்னைப் பார்க்காமல், “உள்ள வாப்பா, வந்து சாப்பிடு” என்றாள். அவர் நுழைந்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள்.