கயிற்றுக்குள் ஒரு சட்டி கூழ்

அந்த வருஷப் புயலில் ஏரியின் முகத்துவாரம் இடம் மாறிவிட்டது. எங்கள் குப்பத்து வீடுகள் முறை வைத்து வலை போடும் இடங்களைப் பாடு என்போம். அதில் பாதியை மணல் மூடிவிட்டது. பழைய கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாகத் திருத்தியே ஆகவேண்டும் என்று ஊர்ப் பெரியதனக்காரர் கூட்டம் போட்டார்.

எங்கள் கூட்டம் லேசுப்பட்டதல்ல. பூவரச மரத்தடியில் கயிறு கட்டி ஆண்களை உள்ளே உட்கார வைப்பார்கள். திருத்தத்தைச் சொன்னதும் சம்மதிக்கிறவன் எழுந்து நிற்கவேண்டும், மறுக்கிறவன் உட்கார்ந்தே இருக்கவேண்டும். தலைக்கு ஒரு புளியங்கொட்டை. கடைசித் திருத்தம் முடிகிறவரை எவனும் கயிற்றைத் தாண்டக்கூடாது. சாப்பாடு அவரவர் வீட்டிலிருந்துதான் வரவேண்டும். அடுத்த வீட்டுச் சாப்பாட்டைத் தொட்டால் தொட்டவனையும் கொடுத்த வீட்டுக்காரனையும் அன்றைக்கு எண்ணமாட்டார்கள். எந்தக் காலத்திலோ எவனோ மீன்குழம்பு ஊற்றி ஆள் சேர்த்திருக்கிறான், அதனால் வந்த வினை.

கடைசித் திருத்தம் என்னுடையது. பெண்டாட்டி இருக்கிறவனுக்குத்தான் பாடு என்பது ஊர்க் கட்டுப்பாடு. என் மனைவி காய்ச்சலில் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. பெண்டாட்டி செத்தவனுக்கும் பாடு உண்டு என்று மாற்றச் சொல்லிக் கேட்டிருந்தேன். இன்னொருத்தியைக் கட்டிக்கொள், பாடு தன்னால் வரும் என்று ஊரே எனக்குப் புத்தி சொன்னது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் இல்லை என்பதே இன்னும் மனதில் ஏறவில்லை, அதற்குள் இன்னொருத்தியாம். ஆனால் பாடு போய்விட்டால் வலையும் தோணியும் இருந்து என்ன செய்வது?

விடிந்ததும் உட்கார்ந்தோம். வலைக்கண் எத்தனை விரல் இருக்கலாம் என்பதற்கே மூன்று முறை எழுந்து உட்கார்ந்தோம். திருத்தத்துக்கு ஒரு திருத்தம், அதற்கு மேல் ஒரு திருத்தம். ஒரு கிழவர் இடுப்பு பிடித்துக்கொண்டதென்று எழுந்தார். அவரையும் சம்மதம் என்று எண்ணிவிட்டார்கள். அவர் கத்திய கத்தில் அந்தத் திருத்தத்தை மறுபடியும் எடுக்க வேண்டியதாயிற்று. சிரிக்காதவர் யாருமில்லை. நானும் சிரித்தேன், சிரித்துவிட்டு இதை வீட்டில் போய்ச் சொல்ல ஆளில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

ஏரிக்கரைக் கோட்டையில் உலாந்தாக்கார வெள்ளையன் உச்சிப்பொழுது பீரங்கி போட்டதும் பெண்கள் வந்தார்கள். ஆளாளுக்குத் தன் வீட்டுச் சட்டியைக் கயிற்றுக்கு மேலாக நீட்டினார்கள். சுட்ட கருவாட்டு வாசனை. நான் மண்ணைக் கீறிக்கொண்டு குனிந்திருந்தேன். அத்தனை பேர் நடுவில் அப்படி ஒரு தனிமையை நான் சுடுகாட்டில்கூட உணரவில்லை.

என் மனைவியின் தங்கையை இதே குப்பத்தில்தான் கொடுத்திருந்தது. தன் புருஷனுக்குக் கொடுத்துவிட்டு, இன்னொரு சட்டியோடு என் பக்கம் வந்தாள்.

"இன்னா மாமா, இப்டி வெறும் வயித்தோட குந்திகினு கீற. குடி."

கட்டுப்பாடு அவளுக்குத் தெரியாததா? அக்காள் வீடு வேறு, தன் வீடு வேறு என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை, அவ்வளவுதான். எனக்கும் அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை. வாங்கி மடமடவென்று குடித்துவிட்டேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் என் திருத்தம் வந்தது. எழுந்தேன். என் சகலை எழுந்தார். நான் எதிர்பார்க்காதவர்களெல்லாம் எழுந்தார்கள். கொட்டைகளை எண்ணியபோது சம்மதம் ஒன்று கூடுதலாக இருந்தது. பாடு முறையில் எனக்கு அடுத்து வருகிறவன் அப்போதுதான் வாயைத் திறந்தான். நான் சகலை வீட்டுக் கூழைக் குடித்தேன், எங்கள் இரண்டு பேரையும் எண்ணக்கூடாது என்றான்.

பெரியதனக்காரர் என்னைப் பார்த்தார். நல்ல மனுஷன். கிட்டே வந்து, தணிந்த குரலில் எனக்கு வழி சொல்லிக் கொடுத்தார்.

"மண்ணுல ஊத்திட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுபா. அத்தோட வுட்டுடறேன்."

சொல்லியிருக்கலாம். யாரும் மறுத்துப் பேசியிருக்கமாட்டார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம், முடிவு பார்க்க வந்திருந்த மைத்துனி வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். தான் செய்த காரியம் அப்போதுதான் அவளுக்கு உறைத்திருந்தது. அந்த இரண்டு மாதத்தில் நான் சாப்பிட்டேனா என்று நினைத்துப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அவள் முன்னால், அவள் கொடுத்ததை மண்ணில் கொட்டினேன் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

"இல்ல நைனா, குட்சேன். ஒரு சொட்டு மீதி வைக்கல."

அவர் பெருமூச்சு விட்டு இரண்டு கொட்டைகளை எடுத்து அப்பால் வைத்தார். திருத்தம் ஒரு தலையில் தோற்றது. கயிற்றை அவிழ்த்தார்கள். காலையிலிருந்து அடைபட்டுக் கிடந்தவர்கள் வீட்டைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். எனக்கு ஓடவேண்டிய அவசரம் எதுவும் இல்லை. இருட்டுகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.