மேட்டூர் நீருக்குள் ஒரு கோயில்

எங்கள் ராயபுரம் குப்பத்தில் தண்ணீரைப் பார்க்க யாரும் ரயில் ஏறுவதில்லை. நான் ஏறினேன். இந்தக் கோடையில் மேட்டூர் அணை வற்றி, மூழ்கிக் கிடந்த மாதா கோயில் ஒன்று தலைகாட்டுகிறது என்று கேள்விப்பட்டதும் இருப்புக் கொள்ளவில்லை. என் மனைவியின் தம்பி சூசையும் தொற்றிக்கொண்டான்.

சென்ட்ரலில் ராத்திரி ஏறினால் விடியலில் சேலம். அங்கிருந்து மேட்டூர் ஏறக்குறைய முப்பது மைல். இன்னொரு பஸ் பிடித்துக் கொளத்தூர் தாண்டி, மலைகளுக்கு நடுவே பண்ணவாடித் துறையில் இறங்கினோம். பரிசலுக்கு ஆளுக்கு இரண்டணா.

எங்களோடு ஏறிய நடுவயது அம்மாளின் மடி நிறையச் சாமந்தி. பரிசல்காரர் துடுப்புப் போட்டபடி சொன்னார்: "அணை கட்டறப்போ ஊரே காலியாயிருச்சுங்க. கோயில் மணியக் கழட்டிட்டுப் போனாங்க. கல்லறைங்கள எங்க கொண்டுபோறது? இந்தம்மாவோட மூத்த பையன் அங்கதான் இருக்கான். தண்ணி எறங்கற வருசந்தான் பூப் போட வருவாங்க."

காதில் விழுந்தது பாதிதான் மனதில் ஏறியது. "சுத்திக்கினே கீது மாமு, கூடை மாதிரி" என்று சூசை பரிசலைக் கேலி செய்துகொண்டிருந்தான். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வளைவு திரும்பியதும் நீருக்கு மேல் இரட்டைக் கோபுரம். கடலிலிருந்து திரும்பும்போது கோயில் கோபுரம் கண்ணில் பட்டால் ஓங்கிக் குரல் கொடுப்பது எங்கள் வழக்கம். கட்டுமரம் வந்துவிட்டது என்று கரையில் தெரிந்துகொள்வார்கள். பழக்க தோஷம், கத்திவிட்டேன். மலையில் மோதி அந்தச் சத்தம் திரும்பியும் வந்தது.

கண் மூடி ஜெபித்துக்கொண்டிருந்த அம்மாள் திடுக்கிட்டதில் பூவெல்லாம் தண்ணீரில் கொட்டிவிட்டது. கல்லறை இருந்த இடம் இன்னும் தள்ளியிருந்தது. கைக்கு எட்டியதை அள்ளினேன். ஒரு பிடி தேறியது.

"கம்முனு குந்து மாமு" என்றான் சூசை, என் முகத்தைப் பார்க்காமல்.

"எதுக்குங்க சத்தம் போட்டீங்க?" என்று கேட்டார் அம்மாள். குரலில் கோபம் இல்லை.

"எங்க ஊர்ல கோயில் தெரிஞ்சா வூடு வந்துடுச்சுன்னு அர்த்தம்மா. அதான்..."

"எங்களுக்கும் அப்படித்தானுங்க இருந்துச்சு" என்று ஈரப்பூவை வாங்கிக்கொண்டார். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

போகிறவர்கள் சித்திரை, வைகாசியில் போங்கள். குடையும் குடிதண்ணீரும் வேண்டும். பரிசலில் யார் மடியிலாவது பூ இருந்தால் பேச்சைக் குறையுங்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் கடலுக்குப் போனோம். கரைக்கு வரும்போது எங்கள் கோபுரம் தெரிந்தது. சூசை என்னைப் பார்த்தான். இருவருமே கத்தவில்லை. ஆள் வரும் சத்தம் கேட்காமல் என் மனைவி கரையில் பதறிப்போய் நின்றிருந்தாள்.