தைப்பிங் பஸ்ஸில் இரண்டு பேர்

ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் என் கணவருக்கு வேலை கிடைத்து, மதுரையிலிருந்து ஈப்போவுக்குக் குடிவந்த புதிதில் நான் பகல் முழுக்கச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு வாயை மூடிக்கொண்டு இருக்க வராது. அவர் சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அன்றைய கதை முழுவதையும் கொட்டிவிடுவேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "பக்கத்துல அந்தப் பிள்ளைங்க ஸ்கூல் இருக்குல்ல, அங்கயாவது போயேன். என் காது தப்பிக்கும்" என்றார். கோபத்தில் மறுநாளே போய்விட்டேன்.

காது கேளாத பிள்ளைகளும் கண் தெரியாத பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கிப் படிக்கும் பள்ளி அது. ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடம். இப்போது சுற்றிலும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை. பழைய தோட்டத்து ஆபீஸ்தான் பிள்ளைகளின் சாப்பாட்டுக் கூடம். என்னைத் 'தொண்டூழியர்' என்று சேர்த்துக்கொண்டார்கள். ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்து நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். சம்பளமில்லாமல் துணி மடிப்பதும் கதை வாசிப்பதும்தான் வேலை.

முதல் மாதம் நான் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. கண் தெரியாத பிள்ளை, "டீச்சர், வெளிய போவட்டுமா?" என்று கேட்டால் தலையை ஆட்டுவேன். அது பாவம், பதில் வரும் என்று நின்றுகொண்டே இருக்கும். காது கேளாத பிள்ளை படிக்கட்டில் ஓடினால், "ஏய், விழுந்துடுவடா!" என்று தொண்டை கிழியக் கத்துவேன். அவன் பாட்டுக்கு ஓடுவான்; வகுப்பில் இருக்கும் கண் தெரியாத பிள்ளைகள் எல்லோரும் பயந்து எழுந்து நிற்பார்கள். ஒரே நாளில் இந்த இரண்டையும் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொள்வேன்.

கைமொழி கற்றுக்கொள்ளப் போனால் அங்கேயும் வம்பு. கை ஒன்று சொல்லும், வாய் தானாகத் தமிழில் வேறொன்று சொல்லும், முகமோ உம்மென்று இருக்கும். கைமொழியில் பாதி முகத்தில்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. 'பசிக்கிறதா?' என்று நான் கேட்டது, 'பசிக்கிறது, போ' என்பது போல இருந்ததாம். பிள்ளைகள் என்னைப் போலவே நடித்துக்காட்டி விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் ரோஷம் வந்து கண்ணாடி முன்னால் நின்று புருவத்தைத் தூக்கிப் பழகினேன்.

அங்கேதான் அந்த இரண்டு பெண்களும் எனக்குப் பழக்கமானார்கள். ஒருத்தி கண் தெரியாத தமிழ்ப் பெண், பதினைந்து வயது, இந்த ஊர் வழக்கப்படி 'லா' போட்டு, வாயில் என்னையே மிஞ்சுவாள். இன்னொருத்தி அவளைவிட ஒரு வயது மூத்த சீனப் பெண், காது கேளாது. இரண்டு பேருக்கும் ஊர் தைப்பிங். தமிழ்ப் பெண் காற்றில் கையால் பேசுவாள், சீனப் பெண் பார்ப்பாள். பதிலைத் தமிழ்ப் பெண்ணின் உள்ளங்கைக்குள் கையை வைத்துச் சொல்வாள். சண்டை வந்தால் பேச்சின் பாதியில் உள்ளங்கையில் ஒரு அடி விழும். சத்தமே இல்லாமல் அவ்வளவு பெரிய சண்டையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சீனப் பெண் வெள்ளிக்கிழமைதோறும் தனியாகப் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவாள். தமிழ்ப் பெண் பள்ளி விடுமுறைக்கு மட்டும்தான் போவாள். அப்பா லாரி ஓட்டுகிறார், எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. அம்மா பாசார் சந்தையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுக் கடை போட்டிருந்தாள். கடையையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு இவளை அழைக்க வர முடியாது. அந்தக் கைக்குழந்தைதான் விஷயமே. பத்து மாதத் தம்பி.

"போன லீவுக்குப் போயி தூக்கினேன் டீச்சர். வீல்னு கத்தறான்" என்றாள் ஒரு நாள், துணி மடித்துக்கொண்டே. "அம்மாகிட்ட குடுத்தா உடனே கப்சிப். நான் அவனுக்கு விருந்தாளி. அடுத்த லீவுக்குள்ள நடக்கவே ஆரம்பிச்சிருவான் லா. அப்புறம் என்னைப் பாத்தா ஓடியே போயிருவான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் மடித்த துணியை அப்படியே போட்டேன். நேரே தலைமையாசிரியையிடம் போனேன். அவரும் தமிழ்தான், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவப் பெண்மணி, என் சத்தத்துக்கெல்லாம் அசைகிறவர் இல்லை.

"ரெண்டு பேரும் ஒண்ணா போலாமே" என்றேன்.

"ஒருத்திக்குக் கண்ணு தெரியாது, ஒருத்திக்குக் காது கேக்காது. வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா?" என்றார். பிறகு அவரே சொன்னார்: "சரி, ஒரு தடவை பாப்போம் லா. டவுனுக்குப் போயி, எறங்கி, தைப்பிங் பஸ்ல அவுங்களாவே ஏறட்டும். நீங்க பின்னாலயே போங்க. ஆனா வாயத் தொறக்கக் கூடாது. நீங்க தலையிட்டீங்கன்னா, இந்த வருஷம் இந்தப் பேச்சே இல்ல."

"உங்களுக்கு வேற ஆளே கெடைக்கலயா?" என்று கேட்டேன். நிஜமாகவே கேட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை, சத்தமும் வாசனையும் கண் தெரியாதவளுக்கு என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று கால் கொலுசு, கை வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பவுடர்கூடப் போடாமல் அவர்கள் பின்னால் பஸ் ஏறினேன். டவுன் வரை ஒரு குறையும் இல்லை. சீனப் பெண் இடம் பார்த்தாள், தமிழ்ப் பெண் டிரைவரிடம் வழி கேட்டாள். இறங்கி ஓரமாக நின்றார்கள். தைப்பிங் பஸ் வர நேரம் இருந்தது. "தண்ணீர் வாங்கி வருகிறேன், இங்கேயே நில்" என்று உள்ளங்கையில் சொல்லிவிட்டுச் சீனப் பெண் கடைக்குள் போனாள். தமிழ்ப் பெண் வெள்ளைக் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தூணுக்குப் பின்னால்.

அப்போது வந்தார் ஒரு புண்ணியவான். எதிர்ப்பக்கம் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன். வாடிக்கையாளர் யாரையோ வழியனுப்ப வந்தவருக்கு இவளைப் பார்த்ததும் முகம் அப்படியே இளகிப்போனது.

"ரோடு தாண்டணுமாம்மா? வா, வா, நான் கூட்டிட்டுப் போறேன்."

"இல்ல அண்ணே, நான்..."

"பயப்படாத லா!" என்று முழங்கையைப் பிடித்துக் கரகரவென்று இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போயேவிட்டார். அத்தனை வண்டிகளுக்கு நடுவில் கையை உதறினால் ஆபத்து என்று அவளும் கூடவே போனாள். கடையில் உட்கார வைத்து, தே தாரிக் டீ ஒன்று போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். மதுரையாக இருந்தால் அந்த மனிதரை நடுரோட்டிலேயே உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

சீனப் பெண் தண்ணீர்ப் போத்தலோடு வெளியே வந்தாள். தோழி நின்ற இடம் காலி. இந்தப் பக்கம் ஓடினாள், அந்தப் பக்கம் ஓடினாள். தைப்பிங் பஸ் வேறு வந்து நின்றுவிட்டது. ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். 'எதிரே பார், எதிரே பார்' என்று எனக்கு உள்ளுக்குள் கத்தல். அவள் எதிரே மட்டும் பார்க்கவில்லை.

தமிழ்ப் பெண் கடையிலிருந்து கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது. அது இவளுக்குத் தெரியும். கோலால் தட்டித் தட்டிக் கடை வாசலுக்கு வந்தாள். வண்டிச் சத்தம் எந்தப் பக்கம் என்று கேட்டு, ரோட்டுக்கு நேராகத் திரும்பி நின்றாள். கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கையை உச்சிக்கு மேல் தூக்கி ஆட்டினாள். பிறகு கன்னத்தில் விரலைக் குத்தித் திருகினாள். கன்னத்தில் குழி விழும் அந்தச் சீனப் பெண்ணுக்குப் பிள்ளைகள் வைத்திருந்த கைப்பெயர் அது. கையைத் தூக்கி ஆட்டுவாள், கன்னத்தில் திருகுவாள். மறுபடியும் ஆட்டுவாள், மறுபடியும் திருகுவாள். அவள் பார்க்கிறாளா, இல்லையா, எந்தப் பக்கம் நிற்கிறாள், எதுவும் இவளுக்குத் தெரியாது. போகிற வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அதுவும் தெரியாது. நிறுத்தாமல் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். தூணுக்குப் பின்னால் நான் அழுதுகொண்டிருந்தேன், வெட்கமே இல்லாமல்.

சீனப் பெண் பார்த்துவிட்டாள்! வண்டிகளை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டு சிட்டாகப் பறந்தாள். நானும் ஓடினேன். கடைக்கார அண்ணன் அவளிடம் மலாயில் ஏதோ கேட்டார். பதில் வராமல் போகவே, "என்னா இந்தப் பொண்ணு, இவ்ளோ திமிரு!" என்றார்.

"அண்ணே, அவளுக்குக் காது கேக்காது. எனக்குக் கண்ணு தெரியாது" என்றாள் என் பெண். "உங்களுக்கு என்னா ஆச்சு? நான் சொல்லச் சொல்ல இழுத்துட்டு வந்துட்டீங்க?"

"அல்லாவே! பாவமேன்னு நெனச்சேம்மா..."

"பாவம்லாம் வேணாம் அண்ணே. எங்களுக்குப் பஸ்ஸு போயிரும்."

அந்த மனிதர் ஆடிப்போய்விட்டார். நல்ல மனிதர், குறை சொல்லக் கூடாது. தானே நடுரோட்டில் இறங்கி லாரியை எல்லாம் நிறுத்திவிட்டு, பஸ் டிரைவரைப் பார்த்து, "அண்ணே, ரெண்டு பேர் வாராங்க, நில்லுங்க!" என்று கத்தினார். இருவரும் கையைக் கோத்துக்கொண்டு அவர்களாகவே கடந்து, அவர்களாகவே ஏறினார்கள். நானும் கடைசி ஆளாகத் தொற்றிக்கொண்டேன். பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால், போகும் வழியெல்லாம் உள்ளங்கையில் அடி விழுந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை தலைமையாசிரியை, "ஏதாச்சும் பிரச்சினையா?" என்று கேட்டார்.

"ஒருத்தர் உதவி பண்ண வந்தாரு. அவுங்களே சமாளிச்சிட்டாங்க" என்றேன். முழுக்கதையும் சொன்னேன், நடித்தும் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "போவட்டும் லா" என்றார்.

ஆனால் முதல் வாரம் போய் வந்தவள் முகத்தில் ஈயாடவில்லை. தம்பி பக்கத்திலேயே வரவில்லையாம், தொட்டாலே அழுகையாம். இரண்டாவது வாரமும் அதே கதைதான். "விடுடி, குழந்தைதானே" என்றால், "அழுவட்டும் டீச்சர். அவன் அழுதா நான் போவாம இருந்துருவேனா?" என்று வீம்பாகக் கிளம்பினாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. தைப்பிங் மழையில் நனைந்த சட்டையோடு இருவரும் கேட்டருகே இறங்கினார்கள். ஹாஸ்டலில் ஆள் குறைவு என்று நான் வந்திருந்தேன்.

"என்னடி, இன்னைக்கும் அழுதானா?"

"அழுதான் டீச்சர்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று அவள் கையைப் பிடித்தேன். 

"நான் பஸ் ஏறுனப்போ அழுதான். அம்மா இடுப்புலேருந்து என் சட்டையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு, விடவே இல்ல. அம்மாதான் விரலைப் பிரிச்சு விட்டாங்க" என்றாள். "கதவு மூடுனப்புறமும் கேட்டுச்சு டீச்சர்."