பதினொரு தட்டில் தொடங்கிய சம்பந்தம்

என் மகளுக்குப் பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் தச்சநல்லூருக்கு வந்தபோது பதினொரு சீர்த்தட்டு கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கங்கைகொண்டானில் வேலை. பிள்ளைகள் இருவரும் பேசி முடிவு செய்த பிறகுதான் நாங்கள் ஜாதகம் பார்த்தோம். ஜாதகமும் மரியாதை தெரிந்து பொருந்திக்கொண்டது.

அவர்கள் போனதும் என் அக்கா ஆரம்பித்தாள்.

"ஏலே, வந்தது பதினொண்ணு. நிச்சயத்துக்கு நாம அத இரட்டிச்சு, மேல ஒண்ணு வைக்கணும். இரட்டப்படையில சீர் கொண்டுபோனா வெளங்குமா?"

"இது எப்போ உள்ள வழக்கம்க்கா?"

"ஒனக்கு என்ன தெரியும்? சும்மா கெட."

அப்படியாக இருபத்து மூன்று தட்டு. வெற்றிலைக்கு ஒரு தட்டு, பாக்குக்கு ஒரு தட்டு. ஒன்றில் ஒரே ஒரு மாதுளம்பழம், பாராவுக்கு நிற்கிற போலீஸ்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தது.

என் கல்யாணத்தில் மொத்தமே நாலைந்து பித்தளைத் தாம்பாளம்தான். முன்வாசலில் கொண்டுபோய் வைத்ததைப் பின்வாசல் வழியாக வாங்கி, மறுபடியும் முன்வாசலுக்கே கொண்டுவந்தார்கள். ஊரே மெச்சியது. சரி, அது கிடக்கட்டும்.

சம்பந்தி வீட்டார் சும்மா இருப்பார்களா? எங்கள் வழக்கத்தை அவர்களும் பிடித்துக்கொண்டார்கள். தீபாவளிக்கு நாற்பத்தேழு தட்டு வந்தது. கற்பூரம் ஒன்றில், தீப்பெட்டி இன்னொன்றில். முதல் தட்டு எங்கள் கூடத்தில் இறங்கியபோது கடைசித் தட்டு இன்னும் வேனில் இருந்தது.

பொங்கலுக்கு எங்கள் முறை. சம்பந்தி ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நான் பள்ளிக்கூடம் போகாதவன் என்பதால் எனக்கு விளக்க வீட்டுக்கே வந்தார். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்னால் எழுதினார்.

"அண்ணாச்சி, ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டு கூடச் சேத்துப் பாருங்க. பன்னெண்டு, இருவத்து நாலு, நாப்பத்தெட்டு. எல்லாத்துக்கும் பன்னெண்டு பொதுக்காரணி. அத வெளிய எடுத்தா மிச்சம் நிக்கது ஒண்ணு, ரெண்டு, நாலு. ரெண்டோட அடுக்கு! எவ்வளவு அழகு பாத்தியளா?"

"அழகுதான். பொங்கலுக்கு எத்தன?"

"தொண்ணூத்தஞ்சு. பந்தக்காலுக்கு நாங்க நூத்தித் தொண்ணூத்தொண்ணு. கல்யாணத்தன்னைக்கு நீங்க எங்கள எதிர்கொண்டு வாறப்ப முந்நூத்து எம்பத்து மூணு."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் மனசுக்குள் ஆள் எண்ணினேன். முந்நூறு தட்டு தூக்க எங்கள் சொந்தத்தில் ஆள் கிடையாது. இருப்பவர்களிலும் பாதிப் பேருக்கு முட்டுவலி.

என் மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இப்படியே போச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போயிருவோம். ஒங்க தட்டுகளுக்கு நீங்களே கல்யாணம் பண்ணி வைங்க."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அக்கா எழுந்தாள். "வழக்கத்துல ஒரு தட்டு கொறைஞ்சாலும் நான் மண்டபத்துல காலெடுத்து வைக்க மாட்டேன்."

இரண்டு பேருமே சொன்னால் செய்கிறவர்கள். நான் யாரையும் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தேன்.

மகள்தான் அந்தத் தாளை எடுத்தாள். "மாமா, இந்தக் கணக்கு பின்னால போவாதா?"

"போவுமே! ஒண்ணக் கழிச்சுப் பாதியாக்கணும். நாப்பத்தேழு, இருவத்து மூணு, பதினொண்ணு, அஞ்சு..."

"அதுக்குப் பொறவு?"

"ரெண்டு."

"ரெட்டப்படை ஆவாது. அஞ்சோட நிறுத்திருவோம். பொங்கலுக்கு நாங்க இருவத்து மூணு, பந்தக்காலுக்கு நீங்க பதினொண்ணு, கல்யாணத்துக்கு நாங்க அஞ்சு. வழக்கம் அதேதான். என்ன அத்தை?"

சூத்திரம் பின்பக்கமும் ஓடியதில் சம்பந்தி பூரித்துப்போனார். அக்கா விரல்விட்டு இரண்டு தடவை எண்ணினாள். குற்றம் அகப்படவில்லை.

கல்யாணத்துக்கு அக்கா வந்தாள். ஐந்தே தட்டு. ஒவ்வொன்றிலும் பழங்களைக் கோபுரமாக அடுக்கி, உச்சியில் தேங்காய் வைத்திருந்தாள். ஒரு தட்டைத் தூக்க இரண்டு பேர், சாயாமல் பிடிக்க ஒருத்தி. மண்டப வாசலில் குனிந்துதான் நுழைந்தார்கள்.

சம்பந்தி அண்ணாந்து பார்த்தார். "இதுக்குக் கன அளவுல்லா எடுக்கணும்!"

தாலி ஏறியது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா என் காதருகே குனிந்தாள்.

"மறுவீட்டுக்கு அவிய எவ்வளவு ஒசரம் வைக்காவன்னு பாப்போம்லே."